கொள்ளைநோயும் ஏழை மாந்தரும்

(சுனாபட்டியில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் நம் மரபு. சிலம்பின் நயமும் கம்பன் கவியின் சுவையும் கேட்டு இன்புறவே ஆண்டுக்கொரு நாள் இங்கே கூடுகின்றோம். குழந்தைகளின் நாடகமும் கோலாட்டமும் திரைக்குப் பின்னே காத்திருக்கும் வேளையில் நோயைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது முறையா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பேச்சின் பொருளைச் செயலாளர் அவர்கள் என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். விட்டது அவர்கள் பெருந்தன்மை. அதனை நான் பயன்படுத்திக்கொள்கிறேன்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கைப் பற்றி நம் குடியிருப்புகளில் இன்று பேச்சு எழுந்தால் நாம் என்ன பேசுகிறோம்? வீட்டிலேயே செய்து உண்ட பலகாரங்களைப் பற்றிப் பேசுகிறோம். கணினித் திரையில் கண்டு வாழ்த்திய திருமணங்களைப் பற்றிப் பேசுகிறோம். வாகனங்களின் இரைச்சல் அடங்கியதால் காலையில் கேட்ட பறவைகளின் ஒலியைப் பற்றிக்கூடப் பேசுகிறோம். சயானுக்கு அப்பால், தாராவியின் சந்துகளில் வாழும் தமிழன் அதே நாட்களை வேறு வகையாக நினைவிற் கொண்டிருக்கிறான். நோய் ஒன்று; அரசின் ஆணையும் ஒன்று; நினைவுகள் மட்டும் இரண்டு. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதே யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்நகரத்திற்குக் கொள்ளைநோய் புதிதன்று. சென்ற நூற்றுமுப்பது ஆண்டுகளில் மும்முறை பெரு நோய் வந்து இதனை உலுக்கியிருக்கிறது. முதலாவது பிளேக். 1896ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில், அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் அந்நோயை முதன்முதலில் கண்டறிந்து கூறினார். தானியக் கிடங்குகளும் எலிகளும் நெருக்கமான வீடுகளும் நிறைந்த பகுதி அது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பது அந்நாளில் தெளியப்படவில்லை. அழுக்கிலும் கெட்ட காற்றிலும் நோய் பிறக்கிறது என்றே பலரும் நம்பினர். ஆதலின் அழுக்கு எங்கே உள்ளதோ, அங்கே வாழ்பவனே நோய்க்குக் காரணன் என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றிற்று.

எண்ணத்தைத் தொடர்ந்து செயல் வந்தது. அக்டோபரில் நகராட்சி ஆணையர் ஸ்நோ என்பவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதிகாரிகள் எவ்வீட்டினுள்ளும் நுழையலாம். நோயாளி என்று கருதப்படுவோரை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். அவ்வாறே கொண்டு சென்றனர். வீடுகளைக் கழுவினர், மருந்து நீர் தெளித்தனர், சுவர்க்குச் சுண்ணாம்பு அடித்தனர். (நாம் கூடியிருக்கும் சுனாபட்டி என்னும் பெயர்க்குச் சுண்ணாம்புச் சூளை என்பது பொருள். ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுண்ணாம்பு நினைவுக்கு வருகிறது.) குடியிருக்கத் தகுதியற்றது என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளைப் பல வீடுகளின் சுவரில் எழுதினர். உள்ளே வாழ்பவர் எங்கே போவது என்பதனை எழுத இடமில்லை போலும்.

அக்டோபர் இறுதியில் ஆயிரவர் அளவிலான ஆலைத் தொழிலாளர் திரண்டு சென்று ஆர்தர் சாலையில் இருந்த தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினர். அறியாமையால் தாக்கினர் என்று எழுதி முடித்துவிடுவது எளிது. அவர்கள் கண்ட காட்சியை நாம் காணவேண்டும். உறவினர் கொண்டுசெல்லப்படுகின்றனர், மீள்வோர் சிலர், சாதி வழக்கமும் உணவு முறையும் அங்கே எவ்வாறு பேணப்படும் என்று சொல்வாரில்லை, ஊதியம் நின்றால் வீட்டிலுள்ளோர்க்கு உணவு யார் தருவார் என்று சொல்வாரும் இல்லை. அச்சத்தால் நோயை மறைத்தனர். மறைத்தமையால் நோய் பரந்தது. 1897ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரைவிட்டு நீங்கினர் என்பர்.

செல்வர்க்கு வேறு வழிகள் இருந்தன. நகர்க்குப் புறத்தே மாளிகை உடையோர் அங்கே சென்று தங்கினர். பொருள்வளம் மிக்க சமூகத்தார் தத்தமக்கெனத் தனி மருத்துவமனைகளை நிறுவிக்கொள்ள அரசு இசைந்தது. தம் சமையற்காரர், தம் வைத்தியர், தம் வழிபாடு ஆகியவற்றோடு அங்கே படுத்திருக்கலாம். பொருளற்றவனுக்கு அரசின் முகாம் ஒன்றே. ஒரே சட்டம் இருவேறு வாயில்களைத் திறந்து வைத்தது என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

சட்டம் என்றேன். 1897 பிப்ரவரி 4ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. பிறந்தபோது அதற்கு நான்கே பிரிவுகள். அரசு வேண்டும் ஆணைகளைப் பிறப்பிக்கலாம். மீறுவோர்க்குத் தண்டனை உண்டு. ஆணைப்படி நடந்த அதிகாரி மேல் வழக்குத் தொடர இயலாது. சாரம் இவ்வளவே. அடைத்து வைக்கப்பட்டவனுக்கு உணவளிக்கும் கடமை யாருடையது என்று அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. 2020 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு நோயை எதிர்கொள்ள எடுத்த கருவிகளுள் ஒன்று அதே சட்டம். 123 ஆண்டுகளில் ஆண்டவர் மாறினர், கொடி மாறிற்று, சட்டத்தின் பெயர்கூட மாறவில்லை.

புனே நகரில் நடந்தவை நீங்கள் அறிந்தனவே. படைவீரர் வீடு புகுந்து சோதித்ததும், அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சாபேக்கர் சகோதரரால் சுடப்பட்டதும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளன. அதே ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சாவித்திரிபாய் புலே அம்மையார் மறைந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயுற்ற தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவனை மருத்துவத்துக்குச் சுமந்து சென்றதால் அந்நோய் அவர்க்கும் தொற்றியது. ஊரே ஓடிக்கொண்டிருந்த நாளில் எதிர்த்திசையில் நடந்தவர் அவர்.

இனி, நமக்கு நெருங்கிய ஒரு செய்தி. பிளேக் வந்த பின்னரே நகரை அகலப்படுத்த வேண்டும் என்று ஆட்சியாளர் துணிந்தனர். 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெருக்கமான சால்கள் இடிக்கப்பட்டன. வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் நேரிய வீதிகளும் மனைகளும் பூங்காக்களும் வகுக்கப்பட்டன. பின்னாளில் தென்னாட்டிலிருந்து எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த நம்மவர் குடியேறியது இந்த மாட்டுங்காவில்தான். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் அங்கே தோன்றியது. கோயிலும் காய்கறிக் கடையும் காப்பிக் கடையும் சேர்ந்து மாட்டுங்கா நமக்குச் சிறு கும்பகோணமாயிற்று. அவ்வீதிகளின் அழகை நான் குறை கூறேன். மாலையில் ஐந்து தோட்டங்களில் உலாவியவன் யாரும் குறை கூறமாட்டான். எனினும், சால் இடிக்கப்பட்டவன் அம்மனைகளுக்கு வந்தானா? வரவில்லை. புதிய வாடகை அவனால் தாங்கும் அளவினதாயில்லை. பக்கத்துச் சந்தில் முன்னிலும் நெருக்கமான அறையிலே அவன் புகுந்தான். நோயை ஒழிக்க வந்த திட்டம் நோய்க்கு இடமான நெருக்கத்தை இடம் பெயர்த்து வைத்தது.

மாட்டுங்காவிற்கு அருகே மற்றொரு தமிழகம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. தோல் பதனிடும் தொழிலை நகரம் தன் வடகோடிக்குத் தள்ளியபோது, அத்தொழில் வல்ல தமிழர், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தாராவிக்கு வந்தனர். 1887இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும், 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் நம்மவர் கைவண்ணமே. ஆக, தாராவித் தமிழனும் மாட்டுங்காத் தமிழனும் ஒரே மொழியைப் பேசிக்கொண்டு, ஒரு கல் தொலைவில், இருவேறு நகரங்களில் வாழ்ந்து வந்தனர். சங்கங்கள் பல தோன்றியும் அவ்விடைவெளி முற்றும் நீங்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, 1918ஆம் ஆண்டின் இன்புளூயன்சாக் காய்ச்சல். அதனை விரைந்து கடந்து செல்கிறேன். ஆனால் ஒரு கணக்கை மட்டும் சொல்லாமல் போக இயலாது. ஜூன் மாதத்தில் துறைமுகக் காவலர் எழுவரிடம் தோன்றிய காய்ச்சல், மழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்த இலையுதிர் காலத்தில் கொடிய உருக்கொண்டு திரும்பியது. அக்டோபர் 6ஆம் நாள் ஒரு நாளில் மட்டும் பம்பாயில் 768 பேர் மாண்டனர். இந்திய நாட்டில் மாண்டோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். பம்பாயில் ஆயிரவர்க்கு எத்தனை பேர் மாண்டனர் என்று சமூக வாரியாக அந்நாளில் கணக்கெடுத்தனர். ஐரோப்பியருள் 8.3, பார்சிகளுள் 9, மேற்குலத்து இந்துக்கள் என்று எழுதப்பட்டோருள் 18.9, தாழ்ந்த குலத்தார் என்று எழுதப்பட்டோருள் 61.6. காய்ச்சல் காற்றில் பரவியது; காற்றுக்குச் சாதி தெரியாது. நோயுற்றவன் ஒருவாரம் படுத்திருக்க முடியுமா, அவனுக்குப் பாலும் கஞ்சியும் கொடுக்க ஆள் உண்டா, போர்த்திக்கொள்ளக் கம்பளி உண்டா, அறையில் உடன் படுப்போர் எத்தனை பேர் என்பவையே எண்களாகி நிற்கின்றன. அரசின் கை தளர்ந்த அந்நாளில் என்.எம். ஜோஷி 1911இல் தொடங்கிய சமூக சேவைக் கழகம் போன்ற தொண்டர் குழுக்களே தெருத்தெருவாக மருந்தும் பாலும் கொண்டு சென்றன.

மூன்றாவது, நாம் கண்ணாரக் கண்டது. 2020 மார்ச் 24ஆம் நாள் இரவு 8 மணிக்குப் பிரதமர் உரையாற்றினார். நள்ளிரவு முதல் நாடு முழுதும் ஊரடங்கு. இடைப்பட்ட பொழுது நான்கு மணி நேரம். வங்கியில் பணமும் அடுக்களையில் அரிசியும் உள்ளவர்க்கு நான்கு மணி நேரம் போதும். அவர்க்கு நான்கு மணி நேரம்கூட வேண்டியதில்லை. அன்றாடம் ஈட்டி அன்றாடம் உண்பவனுக்கு நான்கு நாள் கொடுத்திருந்தாலும் போதியிராது.

தாராவியின் தமிழரை நாம் பெரும்பாலும் எவ்வாறு அறிவோம்? விடியற்காலையில், சைக்கிளின் பின்னே அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் வடையும் சட்டினியும் ஏற்றிக்கொண்டு, ரப்பர்க் குமிழை அழுத்திப் 'பாம் பாம்' என ஒலியெழுப்பி வரும் இட்லிக்காரர் ஒருவர். அவர் மனைவி இரவில் மாவரைத்து விடியுமுன் அவித்துக் கொடுத்துவிட்டு, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்குச் செல்வார். மகன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறான். இக்குடும்பத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு மார்ச் 25ஆம் நாளைக் காணுங்கள். தெருவில் விற்கலாகாது, ஆகவே இட்லியின் வருவாய் போயிற்று. பல கட்டிடச் சங்கங்கள் வேலைக்காரப் பெண்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டன. ஆகவே சமையலின் வருவாயும் போயிற்று. சில வீட்டார் வேலை செய்யாத மாதத்திற்கும் சம்பளம் அனுப்பினர், அவர்கள் வாழ்க. பலர் அனுப்பவில்லை. நோய் விமானம் ஏறி வந்தது. அயல்நாடு சென்று திரும்பிய வீட்டார் மூலம் நகரத்துள் நுழைந்தது. இருந்தும் அந்தப் பெண்ணையே நோய்க்கு உருவமாகக் கண்டு வாயில் அடைத்தது எவ்வகை நீதி என்று நான் கேட்கிறேன்.

ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார், அன்றே உயிரிழந்தார். செய்தித்தாள்கள் பதறின. இரண்டரைச் சதுர கிலோமீட்டருள் மாநகராட்சிக் கணக்கின்படி எட்டரை லட்சம் மக்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் எண்மர் உறைவர். மக்களுள் நூற்றுக்கு எண்பது பேர் நம்பியிருப்பது ஏறத்தாழ 450 பொதுக் கழிப்பிடங்களை. 'வீட்டிலேயே இருங்கள், விலகி நில்லுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்' என்னும் மூன்று அறிவுரைகளுள், தண்ணீர் ஒரு வேளை வரும் சந்தில் வாழ்பவன் எதனை நிறைவேற்றுவான்? அறிவுரை தவறன்று. அது அறை பல உள்ள வீட்டை எண்ணி எழுதப்பட்ட அறிவுரை.

இங்கே மாநகராட்சியை மனமாரப் பாராட்டவும் வேண்டும். நோயாளி வருவார் என்று காத்திராமல், நோயைத் தேடிச் செல்வோம் என்று அதன் ஊழியர் புறப்பட்டனர். அவ்வட்டாரத்துத் தனி மருத்துவரையும் உடன் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தனர். பள்ளிகளையும் விளையாட்டு அரங்கையும் தனிமைப்படுத்தும் இடங்களாக்கினர். அங்கே தங்கினோர்க்கு மூவேளை உணவளித்தனர், மருத்துவர் உடனிருந்தனர். ஏப்ரலில் 491 ஆக இருந்த நோயாளர் தொகை, மே மாதத்தில் 1,216 ஆகி, ஜூனில் குறைந்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார்.

1896இலும் பிரித்து வைத்தனர். 2020இலும் பிரித்து வைத்தனர். முன்னதில் மக்கள் மருத்துவமனை மேல் கல்லெறிந்தனர். பின்னதில் நோயறிகுறி கண்டவர் தாமே வந்து சொல்லும் நிலை பெரிதும் உண்டாயிற்று. ஆர்தர் சாலையில் தாக்குண்ட அம்மருத்துவமனையே இன்று கஸ்தூரிபா பெயர் தாங்கி நிற்கிறது. மும்பையின் முதல் கொரோனா நோயாளரும் அங்கேதான் சேர்க்கப்பட்டனர். இம்முறை யாரும் தாக்கவில்லை. மக்கள் அறிவு வளர்ந்துவிட்டது என்பது மட்டுமே காரணமன்று. உள்ளே சென்றால் உணவு உண்டு, வெளியே வருவோம் என்னும் நம்பிக்கை இருந்தது. வெறுங் கட்டளை பெறாத இணக்கத்தைச் சோறு பெற்றுத் தந்தது என்பேன்.

எனினும் வெற்றி என்ற சொல்லோடு இதனை மூடிவிடலாகாது. அதே ஜூலையில் குருதி ஆய்வு ஒன்று நடந்தது. டாடா ஆராய்ச்சி நிலையமும் மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் சேர்ந்து மூன்று வட்டங்களில் ஏறத்தாழ ஏழாயிரம் பேரிடம் குருதி எடுத்துச் சோதித்தன. தாராவி அதில் இல்லை. இருந்தவை நம் வட்டங்கள்: மாட்டுங்காவும் சயானும் அடங்கிய எப் வடக்கு, செம்பூர் அடங்கிய எம் மேற்கு, தகிசர் அடங்கிய ஆர் வடக்கு. குடிசைப் பகுதியில் நூற்றுக்கு 57 பேர்க்கு நோய் வந்து போயிருந்தது. மற்றப் பகுதியில் நூற்றுக்கு 16 பேர்க்கு. ஒரே வட்டம், ஒரே தெருவின் இரு பக்கம். ஆயினும் மூன்றரை மடங்கு வேற்றுமை! நாம் கதவடைத்து நலமாயிருந்த காலத்தில், நமக்குப் பாலும் காய்கறியும் கொணர்ந்தவரும், குப்பை அகற்றியவரும், மருத்துவமனையில் தரை துடைத்தவரும் அப்பக்கத்திலிருந்தே வந்தனர். நம் கதவின் பாதுகாப்பு ஓரளவு அவர்கள் வாங்கிய நோயால் ஆனது. குடிசை வாழ்வோர்க்கு உடல் உரம் மிகுதி, ஆதலால் தாங்கினர் என்று அந்நாளில் சிலர் வியந்து பேசினர். வேறு வழியற்றுத் தாங்கியதைப் புகழ்வது எனக்கு உடன்பாடன்று.

இனி உதவிகளைப் பற்றி. அரசுகள் உதவவில்லை என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். அட்டை உடையோர்க்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையின்றிக் கூடுதலாகக் கொடுத்தனர். ஜன் தன் கணக்குள்ள பெண்டிர்க்கு மூன்று மாதம் 500 ரூபாய் அனுப்பினர். 2021இல் மாநில அரசு பதிவு பெற்ற வீட்டு வேலைப் பெண்டிர்க்கும் கட்டிடத் தொழிலாளர்க்கும் 1,500 ரூபாய் அறிவித்தது. அட்டை உடையோர், கணக்கு உடையோர், பதிவு பெற்றோர்—இச்சொற்களைக் கூர்ந்து நோக்குங்கள். நம் இட்லிக்காரரின் குடும்ப அட்டை திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூரில், தாயாரின் பெட்டியில் உள்ளது. 2020 ஏப்ரலில் அந்த அட்டை மும்பைக் கடையில் செல்லாது. மனைவியின் பெயர் எந்த வாரியத்திலும் இல்லை. அவர் உழைப்பை அறிந்தவை இரண்டு வீட்டு அடுக்களைகள் மட்டுமே. அட்டையற்ற இடம்பெயர்ந்தோர்க்கும் தானியம் என்னும் அறிவிப்பு மே மாதத்தின் நடுவிலேதான் வந்தது. தமிழ்நாடு, எங்கும் செல்லும் அட்டைத் திட்டத்தில் சேர்ந்தது 2020 அக்டோபரில். எல்லா மாநிலமும் சேர்ந்தே தீரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது 2021 ஜூனில். பசி இத்தேதிகளுக்காகக் காத்திருக்கவில்லை.

அடக்குவதற்கு ஏழை எளிதில் அகப்படுகிறான், கொடுப்பதற்கு அகப்படுவதில்லை. பிளேக் நாளில் அவன் வீட்டுச் சுவரைக் கண்டுபிடித்து எழுத்தெழுதிய அரசுக்கு, அவனுக்கு அரிசி கொடுக்கும்போது மட்டும் அவன் முகவரி தெரிவதில்லை.

முகவரியற்றோர் ஊர் திரும்ப எண்ணினர். வண்டிகள் ஓடவில்லை. ஏப்ரல் 14ஆம் நாள் பாந்திரா நிலையத்தின் அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டதும், தடியால் கலைக்கப்பட்டதும் நினைவிருக்கும். பலர் நடந்தனர். மே 8ஆம் நாள் விடியலில், ஜால்னாவிலிருந்து நடந்து களைத்து, இரும்புப் பாதையிலேயே துயின்றுவிட்ட 16 தொழிலாளர் மேல் அவுரங்காபாத் அருகே சரக்கு வண்டி ஏறியது. மே 1 முதல் தொழிலாளர்க்கெனத் தனி வண்டிகள் விடப்பட்டன. ஏறத்தாழ 63 லட்சம் பேர் அவற்றில் சென்றனர். ஆனால் அதற்கும் படிவம் நிரப்பவேண்டும். காவல் நிலையத்தில் கொடுக்கவேண்டும். தொடக்கத்தில் மருத்துவரின் சான்றிதழும் வேண்டியிருந்தது. தொற்று அஞ்சி விலகி நில் என்ற ஆணையை நிறைவேற்றியவர்கள், அச்சான்றிதழுக்காக மருத்துவமனை வாயிலில் தோளோடு தோள் உரசி நின்றனர். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், வழியில் மாண்ட தொழிலாளர் எத்தனை பேர் என்று வினவியபோது, அத்தகைய கணக்கு இல்லை என்று அரசு விடையிறுத்தது. இறந்த பின்னும் அவர்கள் பட்டியலில் ஏறவில்லை.

தடுப்பூசியின் கதையும் அதுவே, சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மே முதல் நாள் 18 வயது நிரம்பியோர்க்கும் ஊசி என்றனர். ஆனால் கைப்பேசிச் செயலியில் முன்பதிவு செய்தாலன்றிக் கிடையாது. விரல் வேகமும் இணைய வேகமும் உடையவர் நொடியில் இடம் பிடித்தனர். எழுத்தறியாதார் என்ன செய்வர் என்று உச்ச நீதிமன்றமே அந்த மாத இறுதியில் கேட்டது. நேரில் சென்று போட்டுக்கொள்ள வழி பிந்தியே பிறந்தது. ஆகஸ்டு 15 முதல் இரு ஊசியும் போட்டவர்க்கே புறநகர் மின்வண்டியில் இடம் என்று விதி வந்தது. மின்வண்டியின்றி மும்பையில் கூலி வேலை உண்டா? ஊசி கிடைக்கப் பிந்தியவனுக்கு வேலையும் பிந்திற்று. பிள்ளைகளின் படிப்போ, தந்தை வேலைக்கு எடுத்துச் சென்ற ஒரே கைப்பேசியோடு காலையில் புறப்பட்டுப் போயிற்று.

இது நம் நாட்டின் குறை மட்டும் என்று எண்ணற்க. தூய்மைக்கும் ஒழுங்குக்கும் பெயர் பெற்ற சிங்கப்பூரில், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் அடுக்குக் கட்டில்களில் வாழ்ந்தனர். அவருள் தமிழ்நாட்டு இளைஞர் மிகப் பலர். 2020 டிசம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட கணக்குப்படி விடுதித் தொழிலாளருள் நூற்றுக்கு 47 பேர்க்கு நோய் வந்திருந்தது. விடுதிக்கு வெளியே நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவு. ஊதியமும் உணவும் மருத்துவமும் அவர்க்குத் தரப்பட்டன என்பதைச் சொல்லவேண்டும். அவ்வகையில் அந்த அரசு மேம்பட்டதே. ஆயினும் நகரம் திறந்த பின்னும், விடுதியின் வாயில் அவர்க்கு நெடுநாள் திறக்கவில்லை. மாட்டுங்காவும் தாராவியும் அங்கேயும் உள.

அன்பர்களே! அரசு செய்யவேண்டியதை அரசைக் கேட்போம். நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்றை மட்டும் இங்கே முன்வைக்கிறேன். இச்சங்கத்தில் நன்கொடையாளர் பதிவேடு உண்டு. உறுப்பினர் பதிவேடு உண்டு. ஆண்டு மலருக்கு விளம்பரம் தந்தோர் பட்டியல்கூட உண்டு. சுனாபட்டியிலும் அதனைச் சுற்றியும், நம் வீடுகளில் உழைக்கவும் நம் தெருக்களில் விற்கவும் வரும் தமிழ்க் குடும்பங்களின் பதிவேடு இல்லை. அது வேண்டும். பெயர், ஊர், தொழில், குடும்ப அட்டை இங்கே உள்ளதா ஊரில் உள்ளதா, தனித்து வாழும் முதியோர் எவர், மராத்தியோ இந்தியோ படிக்கத் தெரிந்தவர் வீட்டில் உண்டா என்பவற்றை எழுதவேண்டும். விரும்பாதாரை வற்புறுத்தலாகாது, எழுதியதைப் பிறர்க்குக் காட்டலாகாது. ஒவ்வொரு பொங்கலின்போதும் அதனைப் புதுப்பிக்கவேண்டும்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது. அமைப்பு சாராத் தொழிலாளர்க்கென நடுவண் அரசு 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் என்னும் பதிவைத் தொடங்கியது. ஊரிலுள்ள அட்டையைக்கொண்டு இங்கேயே தானியம் வாங்கும் வழியும் இப்போது உண்டு. இருந்தும் படிவம் நிரப்பத் துணை இன்றிப் பலர் அவற்றை அடையவில்லை. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்க அறையைத் திறந்து வைத்தால், கணினியில் வல்ல நம் இளைஞர் அதனைச் செய்து கொடுக்கலாம். செலவு என்ன? ஒரு மேசை, இரு நாற்காலி, தேநீர். வீட்டில் வேலைக்கு வரும் அம்மையாரை அழைத்து வரும் கடமையைத் தாய்மார்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும். தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவிற்குத் தள்ளிவைக்க வேண்டாம் எனத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொதுக்குழு கூடுவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

நீள நோட்டு ஒன்றை வாங்கிக் கோடிட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். செயலாளர் அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். மண்டபத்தின் பின்புறத்தில் நம் இரவு உணவுக்காக நண்பகல் முதல் சமைத்துக்கொண்டிருப்போர் பதினொருவர். பெரும்பாலோர் தாராவியிலிருந்து வந்தவர்கள். கோலாட்டம் முடிந்து பந்தி தொடங்குமுன் இளைஞர் இருவர் அங்கே சென்று, அவர்கள் இசைந்தால், முதற் பக்கத்தை எழுதி வரட்டும்.